கேட்காத ஆல்ட்டர்

அந்த விளையாட்டில் ஒரு படையை நகர்த்திவிட்டால் திரும்பப் பெற முடியாது. தனியாக, கணினியை எதிர்த்து ஆடும்போது திரையின் இடது மூலையில் வளைந்த அம்புக்குறி ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் நகர்ந்த படை பழைய கட்டத்துக்கே வந்துவிடும். இன்னொரு மனிதரோடு ஆடும்போது அந்த அம்புக்குறி காணாமல் போய்விடும். காரணம் என்ன என்று விளையாட்டைச் செய்தவர்கள் எங்கேயும் சொல்லவில்லை.

உள்ளங்கை அளவுத் திரையில் அறுகோணக் கட்டங்கள். ஒவ்வொன்றும் ஊறிய உளுந்து அளவுதான் இருக்கும். முதல் தொடுதல் படையைத் தேர்ந்தெடுக்கும். இரண்டாவது தொடுதல் அதை அனுப்பிவிடும். ஒரு படையைத் தேர்ந்தெடுத்துவிட்டு மனம் மாறி, பக்கத்துப் படையைத் தொடப் போய் விரல் ஒரு நூல் தள்ளிப் பட்டால், முதல் படை அந்த இடத்துக்குக் கிளம்பிப் போய்விடும். அது எதிரியின் கோட்டை வாசலாக இருந்தாலும் போகும். நிச்சயமா என்று ஒரு வார்த்தை கேட்காது.

நானும் என் நண்பரும் ஆடிய முதல் ஆட்டத்திலேயே அவருடைய வில்லாளிகள் இப்படித்தான் என் வேல்படைக்கு நடுவே வந்து நின்றார்கள். நான் அடிப்பதற்குள் செய்தி வந்தது.

“ஏனுங்க, அது ஆல்ட்டருங்க.”

அவர் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவின் சூப்பர்வைசர். தைத்து வந்த ஒவ்வொரு பீஸையும் டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, தையல் விட்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தையல்காரருக்கே திருப்பி அனுப்புவது அந்தப் பிரிவின் வேலை. அப்படித் திரும்பும் பீஸுக்குத்தான் ஆல்ட்டர் என்று பெயர். அதை அவர் விளையாட்டுக்குள் கொண்டு வந்தார். கைதவறி நகர்த்தியவர் ஆல்ட்டர் கேட்டால், எதிராளி அந்த முறை ஒன்றும் செய்யாமல் விட வேண்டும். வழிதவறிய படை அடுத்த முறையில் நடந்து வீடு போய்ச் சேரும். ஒரு ஆட்டத்துக்கு ஒரு ஆல்ட்டர்தான். எதிராளி அடிப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

“முக்கியமான ரூலு ஒண்ணு இருக்குதுங்க,” என்றார். “கேட்டாத்தான் குடுக்கோணும். கேக்காம குடுக்கக்கூடாது.”

“குடுத்தா என்னங்ணா?”

“அதுக்குப் பேரு ஆல்ட்டர் இல்லீங்க. பாஸ் பண்ணி உடறது.”

பழுது தெரிந்தும் ஸ்டிக்கர் ஒட்டாமல் நல்ல பீஸ்களோடு தள்ளிவிடுவதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். தையல்காரர் மேல் பாவப்பட்டு அப்படிச் செய்த ஒரு பெண்ணைத் தன் டேபிளிலிருந்து வேறு பிரிவுக்கு மாற்றியதாக, ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னார். அதில் அவருக்குக் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை.

அவரை நான் முதலில் பார்த்தது காங்கேயம் ரோட்டில் போகும் ஒரு டவுன் பஸ்ஸில். நல்லூரில் சாயத்தண்ணீர் ஓடை குறித்த செய்திக்காகப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்தவரின் போனில் அதே அறுகோணக் கட்டங்கள். நான் அந்த விளையாட்டைப் பத்திரிகை அலுவலகத்தில் பக்கம் முடியும்வரை காத்திருக்கும் நேரங்களில் ஆடிப் பழகியிருந்தேன். இந்த ஊரில் இன்னொருவர் ஆடுவார் என்று நினைத்ததில்லை. “ஆத்தத் தாண்டாதீங்க, மாட்டிக்குவீங்க,” என்றேன். அவர் நிமிர்ந்து பார்க்காமல், “மாட்டறது யாருன்னு பொறுத்துப் பாருங்க,” என்றார். நல்லூர் வருவதற்குள் அவர் மாட்டிக்கொண்டார். இறங்கும்போது போன் எண்ணை வாங்கிக்கொண்டார்.

என்னைவிட நான்கு வயது மூத்தவர். நான் அவரை அண்ணா என்றேன்; அவர் என்னைப் பேப்பர்காரரே என்றார். ஆறு வருடத்தில் இந்த இரண்டும் மாறவில்லை. இதே ஊரில் ராயபுரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு அவர் வந்தது இரண்டு தடவை. மற்றபடி எங்கள் நட்பு முழுவதும் அந்தக் கட்டங்களில்தான் நடந்தது. அவர் டீ நேரத்தில் ஒரு முறை நகர்த்துவார். நான் ஆட்சியர் அலுவலக வராந்தாவில் நின்றபடி பதில் நகர்த்துவேன். ஒரு முறைக்கு மூன்று நாள் கெடு. எங்களுக்கு அவ்வளவு தேவைப்பட்டதே இல்லை. என்னுடைய குதிரைகள் அவருடைய எல்லையில் தெரிந்தால், “பேப்பர்காரரே, விளம்பரம் கேக்க வந்தீங்களா?” என்று எழுதுவார். அவர் கோட்டை விழுந்தால், “லாட் ரிஜக்ட்டுங்களாண்ணா?” என்று நான் எழுதுவேன். மொத்தச் சரக்கையும் வேண்டாம் என்று திருப்பிவிடுவதற்கு அவர் கம்பெனியில் அப்படித்தான் பெயர்.

திரையின் பழுதுகளை அவர் தன் வேலையாகவே பார்த்தார். முறையை முடிக்கும் பொத்தான், படையைக் கலைக்கும் பொத்தானை ஒட்டி இருக்கிறது. எதிராளி நகர்த்திவிட்டார் என்ற அறிவிப்பு நான்கில் ஒரு முறை வருவதில்லை. கெடு முடியும் நேரத்தை எந்த நாட்டுக் கடிகாரத்திலோ காட்டுகிறது. மலையும் காடும் ஒரே பச்சை. ஒவ்வொன்றையும் படம் பிடித்து, பழுது உள்ள இடத்தில் சிவப்பு அம்பு வரைந்து எனக்கு அனுப்புவார். ஒரு தடவை பதினேழு படங்களை விளையாட்டு நிறுவனத்துக்கே அனுப்பினார். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று இயந்திரம் பதில் எழுதியது. அடுத்த பதிப்பில் பொத்தான்களை இன்னும் சிறிதாக்கினார்கள்.

“இவிங்க பீஸ நம்மூருல ஒரு பய பாஸ் பண்ண மாட்டான்,” என்றார்.

போன வருடம் ஆடி மாதம் உடுமலைப்பேட்டைக்குத் தேங்காய் விலைச் செய்திக்காகப் போயிருந்தேன். தோப்புக்காரர் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது. திறந்தால் திரை முழுக்க வாணவேடிக்கை. எதிராளி கெடுவுக்குள் நகர்த்தவில்லை, நீங்கள் வென்றீர்கள் என்று எழுதியிருந்தது. அவர் அதுவரை ஒரு முறையையும் தவறவிட்டதில்லை. அறிவிப்பு போயிருக்காது, அல்லது ஷிப்மென்ட் நெருக்கடியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். “என்னங்ணா, பயந்துட்டீங்களா?” என்று எழுதிவிட்டுக் காற்றாலைகளைத் தாண்டித் திரும்பி வந்தேன்.

பதில் வரவில்லை. அதற்கும் அறிவிப்பைத்தான் குறை சொன்னேன். ஒரு விபத்துச் செய்தி என்றால் மூன்று இடங்களுக்குப் போன் செய்து உறுதி செய்யாமல் எழுதாதவன் நான். அவருக்கு ஒரு போன் செய்யவில்லை.

நான்காம் நாள் அவர் மனைவி கூப்பிட்டார். “ஏனுங்ணா, உங்க மெசேஜு இருந்துச்சு, அதப் பாத்துத்தான் நம்பர் எடுத்தேனுங்க. அவருக்குக் கையி காலு இழுத்துக்கிச்சுங்க. ஒரு வாரமா ஆஸ்பத்திரிலதான் இருக்கறமுங்க.”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். திரையில் வாணவேடிக்கை வந்தபோது அவர் மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார்.

வலது பக்கம். செக்கிங் டேபிளில் இருபத்தாறு வருடம் பீஸைத் திருப்பிய கை அது. பேச்சு கொஞ்சம் இழுத்தது, ஆனால் தெளிவாக இருந்தது. இரண்டு மாதத்தில் கோல் ஊன்றி வாசல்வரை நடந்தார். வலது கை மட்டும் மடியில் வைத்த இடத்திலேயே இருந்தது. கம்பெனியில் அவர் டேபிளுக்கு வேறு ஆள் வந்துவிட்டார். அதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை.

நல்லூரில் அவர் வீடு இருக்கும் தெருவில் மூன்று வீட்டுக்கு ஒரு தையல் யூனிட். ஒரு ஞாயிறு நான் போனபோது தெருவே மெஷின் சத்தம் இல்லாமல் கிடந்தது. ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். முன்னால் ஒரு பலகை, அதன்மேல் மடித்த வெட்டுத் துணி, துணியின்மேல் போன். ஒரே கையால் தொடும்போது போன் வழுக்கிக்கொண்டு போனதால் அவர் மனைவி அந்தத் துணியைப் போட்டுக் கொடுத்திருந்தார்.

“ஆரம்பிக்கலாமுங்களா, பேப்பர்காரரே?” என்றார்.

“அவசரமில்லீங்ணா. மெதுவா ஆடலாம்.”

“எனக்கென்ன வேற வேல இருக்குது? பீஸ் பாக்கறதுக்கு இப்ப இது ஒண்ணுதான்.”

ஆரம்பித்தோம். அந்தத் திரை இரண்டு கை உள்ளவர்களுக்காகச் செய்யப்பட்டது என்பதை அப்போதுதான் கவனித்தேன். இடது கையில் பிடித்து, வலது கட்டைவிரலால் தொட வேண்டும். முக்கியமான பொத்தான்கள் எல்லாம் வலது கீழ் மூலையில். அவர் இடது சுட்டுவிரலை அவ்வளவு தூரம் கொண்டு போகும்போது உள்ளங்கை கட்டங்களில் பட்டு வரைபடம் நகர்ந்துவிடும். பெரிதாக்க இரண்டு விரல் வேண்டும். இரண்டு விரலை வைத்தால் போன் துணியோடு சேர்ந்து சுழலும். பழகாத கை. நான்கு தொடுதலில் ஒன்று பக்கத்துக் கட்டத்தில் விழுந்தது.

அந்த ஆட்டத்தில் ஐந்தாவது முறையிலேயே ஆல்ட்டர் கேட்டார். கொடுத்தேன். ஏழாவது முறையில் மறுபடி விரல் தவறியது. அவர் கேட்கவில்லை. ஒரு ஆட்டத்துக்கு ஒன்றுதான். நான் அடித்தேன். தோற்றார். அடுத்த ஆட்டத்திலும் அப்படியே. முன்பு பத்து ஆட்டத்தில் ஆறு அவர் ஜெயிப்பார்.

ஒரு நாள் கிளம்பும்போது அவர் மனைவி கேட் வரைக்கும் வந்தார். உள்ளே கேட்காத குரலில் பேசினார்.

“ஏனுங்ணா, அந்த வெளையாட்டுல அவரு ஜெயிக்கவே மாட்டாருங்களா?”

“ஜெயிப்பாருங்க. கை கொஞ்சம் பழகோணும்.”

“தோத்த அன்னிக்கு சோறு எறங்கறதில்லீங்க. அந்தக் கையவே பாத்துட்டு உக்காந்திருக்காரு. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.”

நான் சரி என்றேன். எதற்குச் சரி என்றேன் என்று பஸ்ஸில் ஏறிய பிறகுதான் யோசித்தேன்.

அடுத்த ஆட்டத்தின் பதினான்காவது முறையில் அவருடைய குதிரைப்படை என் மலைக்கோட்டையின் அடிவாரத்தில், என் இரண்டு வில்லாளிப் படைகளுக்கு நடுவில் வந்து நின்றது. அங்கே அவர் அனுப்பியிருக்கவே மாட்டார். அடித்தால் மிச்சமில்லாமல் போகும். நான் இரண்டு வில்லாளிப் படைகளையும் கிழக்கே ஆற்றங்கரைக்கு நகர்த்தினேன், அங்கே ஏதோ ஆபத்து இருப்பதுபோல. பதினேழாவது முறையில் காவலில்லாமல் நின்ற அவருடைய தானியக் கிடங்கைப் பார்க்காததுபோல் கடந்து போனேன். இருபத்திரண்டில் இன்னொன்று. முப்பதாவது முறையில் அவர் ஜெயித்தார். “லாட் ரிஜக்ட்டுங்க, பேப்பர்காரரே,” என்று எழுதினார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்று அவர் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டதாக அவர் மனைவி சொன்னார்.

இரண்டு வாரம் போனபின் அண்ணா என்னை வீட்டுக்கு வரச் சொல்லிச் செய்தி அனுப்பினார். போனேன். உட்காரச் சொல்லிவிட்டு போனை என் பக்கம் திருப்பினார். முடிந்த ஆட்டத்தை முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கும் வசதி அந்த விளையாட்டில் உண்டு. அதில் பழுதில்லாமல் வேலை செய்தது அது ஒன்றுதான். இடது சுட்டுவிரலால் பதினான்காவது முறைக்குக் கொண்டு போய் நிறுத்தினார்.

“இந்தக் குதிரைய ஏனுங்க அடிக்கல?”

“கவனிக்கலீங்ணா.”

“ரெண்டு பக்கமும் உங்க ஆளுக. கவனிக்கல.”

அவர் பதினேழுக்குப் போனார்.

“இந்தக் கெடங்கு?”

“கெழக்க ஆபத்துன்னு நெனச்சேன்.”

“கெழக்க என் ஆளு ஒரு ஈ காக்கா இல்லீங்க.” இருபத்திரண்டுக்குப் போனார். கேள்வி கேட்கவில்லை. போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு சொன்னார். “என்னைய பாஸ் பண்ணி உட்டுட்டீங்க.”

குரல் உயரவில்லை. அவர் மனைவி சொன்னதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை என்பதை இன்றும் எனக்குச் சாதகமாக நினைத்துக்கொள்கிறேன். ஆனால் அவருக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை.

“எல்லாரும் எனக்கு உட்டுக் குடுத்துட்டுத்தான் இருக்காங்க,” என்றார். “பஸ்ஸுல எடம் குடுக்கறாங்க. ஊட்டுல நான் சொல்றதுக்கெல்லாம் செரிங்கறாங்க. நீங்க ஒருத்தராவது அடிப்பீங்கன்னுதான் ஆடறேன். அடிங்க. தோத்தாத் தோத்துட்டுப் போறேன்.”

“செரிங்ணா.”

“இன்னொண்ணு போடுவோம். நல்லா அடிக்கோணும்.”

“அடிக்கறேனுங்ணா.”

அந்த ஆட்டத்தை நாங்கள் இருவரும் நன்றாகவே ஆடினோம். அவர் நகர்த்துவதற்கு நேரம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு தொடுதலுக்கு முன்னும் விரலைத் திரைக்கு மேலே நிறுத்திப் பார்ப்பதாக அவர் மனைவி சொன்னார். பதினொரு முறை வரைக்கும் ஒரு தவறும் இல்லை. வடக்கே என்னை ஆற்றுக்கு அந்தப் பக்கம் தள்ளியிருந்தார். உண்மையாகவே தோற்றுக்கொண்டிருந்தேன். “விளம்பரம் கேட்டு வராதீங்கன்னு போர்டு வெச்சிருக்கறனுங்க,” என்று எழுதினார். பழைய அவர்தான்.

பன்னிரண்டாவது முறையில் அவருடைய பெரும்படை, கோட்டைக்குள் இருந்து எல்லாவற்றையும் காத்துக்கொண்டிருந்த படை, வெளியே வந்து பாலத்தின் நடுவில் நின்றது. பாலத்தில் நிற்கும் படைக்குத் தற்காப்பு கிடையாது. என் குதிரைகள் இரண்டு கட்டம் தள்ளி நின்றன. விரல் தவறியிருக்கிறது. கோட்டையும் பாலமும் அடுத்தடுத்த கட்டங்கள்.

அவர் அந்த ஆட்டத்தில் ஆல்ட்டர் கேட்டிருக்கவில்லை. அது அவருக்கு மிச்சமிருந்தது. கேட்பார் என்று காத்திருந்தேன். நான் பார்த்தது காலை பத்து மணிக்கு. மதியம் பார்த்தேன், செய்தி இல்லை. செய்தி வராமல் போயிருக்கலாம் என்று ஆட்டத்தைத் திறந்தேன், மூடினேன். ஆல்ட்டர் வேண்டுமா என்று நானாகவே ஒரு வரி எழுதி அழித்தேன். கேட்டால் அது நான் கொடுப்பதாகிவிடும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அப்படியே போயின. நான்காம் நாள் விடிகாலை, கெடு முடிய நான்கு மணி நேரம் இருந்தது. நகர்த்தாமல் விட்டால் நான் தோற்றதாக அறிவிப்பு வரும். அதுவும் பாஸ் பண்ணி விடுவதுதான்.

பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டு அடித்தேன். அவருடைய படையில் பாதிக்கு மேல் போனது.

மறுநாள் முற்பகலில் அவர் சரணடைந்துவிட்டார் என்று அறிவிப்பு வந்தது.

முதலில் அதையும் கைதவறல் என்றே நினைத்தேன். பிறகு நானே அந்த இடத்தைத் திறந்து பார்த்தேன். சரணடைய மூன்று கோடு போட்ட பட்டியலைத் திறக்க வேண்டும். அதில் கடைசி வரியைத் தொட வேண்டும். நிச்சயமா என்று கேட்கும். ஆம் என்றால், மறுபடி நிச்சயமா என்று கேட்கும். ஒரு படையைச் சாவுக்கு அனுப்பும்போது ஒரு வார்த்தை கேட்காத விளையாட்டு, இதற்கு இரண்டு தடவை கேட்கிறது. நான்கு சிறிய இடங்கள். நான்கையும் அவர் விரல் சரியாகத் தொட்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். பலகை சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. போன் அலமாரியின் மேல் இருந்தது. மழை வருமா என்று பேசினோம். அப்புறம் நானே ஆரம்பித்தேன்.

“நீங்க சொன்னமாதிரிதான் அடிச்சேனுங்ணா.”

“அடிச்சது செரிங்க. நானா இருந்தாலும் அடிச்சிருப்பேன்.”

“அப்பறம் ஏனுங்ணா?”

அவர் இடது கையால் வலது கையை எடுத்து நாற்காலியின் கைப்பிடியில் வைத்தார்.

“எதிராளி ஆட்டத்தத் தொறந்தா எம் பக்கம் ஒரு பச்சப் புள்ளி வருமுங்க. புது அப்டேட்டுல வந்தது. உங்களுக்குத் தெரியாது போல.”

எனக்குத் தெரியாது. நான் என் திரையில் அதைக் கவனித்ததில்லை.

“படை பாலத்துல போய் நின்னதும் எனக்குப் பதறிருச்சுங்க. ஆல்ட்டருன்னு எழுதலாம்னு ஒத்தைக் கையில எழுத்தத் தேடீட்டு இருந்தேன். பேப்பர்காரரு டக்குன்னு அடிச்சிருவாரேன்னு. அதுக்குள்ள பச்சப் புள்ளி வந்துருச்சு. போச்சுன்னு நெனச்சேன். நீங்க அடிக்கல. போயிட்டீங்க. மறுக்கா வந்தீங்க. மறுக்கா போயிட்டீங்க. மூணு நாள்ல பதினோரு தடவ வந்து பாத்துட்டுப் போனீங்க.”

சுவரோரம் சாய்ந்திருந்த பலகையைப் பார்த்தேன்.

“முன்னெல்லாம் ஒரு டீக்குள்ள அடிப்பீங்க. நான் கேக்கறதுக்குள்ள அடிக்கோணும்னு பாப்பீங்க. இப்ப நான் கேக்கோணும்னு காத்துட்டு நிக்கறீங்க. அப்பறம் எப்பிடிங்க கேக்கறது?”

கைப்பிடியிலிருந்து நழுவிய வலது கையை எடுத்து மறுபடி வைத்தார்.

“உங்களக் கொற சொல்லலீங்க,” என்றார். “உங்களால முடியல. அவ்வளவுதான். போதுமுங்க.”

அவர் மனைவி இரண்டு டம்ளர் டீயோடு வந்தார். அண்ணாவின் டம்ளரில் பாதிதான் ஊற்றியிருந்தது, சிந்தாமல் இருக்க. எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, “ஆட்டம் போடலீங்களா இன்னிக்கு?” என்று கேட்டார்.

“அது முடிஞ்சுது,” என்றார் அவர். என்னைப் பார்த்து, “டீ ஆறுதுங்க, எடுத்துக்குங்க,” என்றார்.

இப்போதும் மாதத்தில் இரண்டு ஞாயிறு போகிறேன். பருத்தி விலை, பஸ் நேரம், பக்கத்து யூனிட்டை வாங்கியவர் யார் என்றெல்லாம் பேசுகிறோம். அவர் நன்றாகத்தான் பேசுகிறார். நான் எதைச் சொன்னாலும், பஸ் நேரத்தைத் தவறாகச் சொன்னாலும், ஆமாங்க என்கிறார்.